பையில்லாச் சீருடை

கல்முனைக் கடையில் எங்கள் சீருடைக்குப் பை இல்லை.
மூன்றாம் இலக்கக் கல்லாவில் நிற்பவளுக்கு
எதற்குப் பை என்று கேட்டுத்தான் தைத்திருக்கிறார்கள்.
எனக்குத் தெரிந்த ஒரே துணி என் உள்ளங்கை.
அதில் ஒன்று தைக்கத் தொடங்கினேன்.

தொலைபேசியில் ஒரு மனிதன். முகம் இல்லை, கைகள் மட்டும்.
என்ன மொழியோ, ஒரு சொல்லும் விளங்கவில்லை.
குத்தியை வலக்கையில் காட்டினான்,
இடக்கையில் வைத்து மூடினான், ஊதினான், விரித்தான்.
இல்லை.
பாண்டிருப்பில் இறங்க மறந்து
பெரியநீலாவணை மட்டும் போய்விட்டேன்.

பழைய இரண்டு ரூபாய் நல்லது. அகலம்.
பெருவிரல் மேட்டுக்கும் எதிர் மேட்டுக்கும் நடுவே
மெல்ல நெருக்கினால் நிற்கும்.
ஐந்து ரூபாய் தடிப்பு, சின்னது, வேர்வையில் வழுக்கும்.
பத்து ரூபாய்க்குப் பதினொரு மூலை,
ஒவ்வொன்றும் ஒரு பல்.
இரவில் விளக்கடியில் கையை எண்ணிப் பார்த்தேன்,
கடித்த இடம் நான்குதான் தெரிந்தது.

குத்தியோடேயே தலை பின்னினேன்,
குத்தியோடேயே மீன் வாங்கினேன்.
"கை ஏன் கோணலா இருக்கு, சுளுக்கா?" என்றார் அம்மா.
ஒளிக்கிற கை பெரிய வேலையில்லை.
ஒன்றுமில்லாத மற்றக் கைதான்.
எதையோ பிடித்திருப்பதாக
முதலில் அதுவே நம்ப வேண்டும்.
வெறுங்கை முழம் போடாது என்பார்கள்.
நான் என்னுடையதுக்கு
இரண்டு ரூபாயின் பாரத்தைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்,
ஒவ்வொரு இரவும், அது மறந்து மறந்து போக.

முதலில் பார்த்தவள் தர்சாயினி, பால்மா அடுக்குகிற இடத்தில்.
குத்தி கழன்று உருண்டு
பருப்பு மூட்டைகளுக்கு அடியில் போனது.
அவள் கைதட்டினாள்:
"இப்பதான்டி உண்மையா காணாமப் போயிட்டு."

பெருநாள் கழிந்த கிழமை
மனேஜர் ஜெஸ்மீர் மேலே கூப்பிட்டார்.
திரையில் நான். கூரையிலிருந்து பார்க்கப்பட்ட நான்.
வகிடு இவ்வளவு வளைவு என்று எனக்குத் தெரியாது.
செவ்வாய், பகல் இரண்டு பதினேழு, ஆளில்லாத நேரம்.
வலக்கையில் காசு. இடக்கைக்கு மாறுகிறது.
இடக்கை விரிகிறது.

"எங்க புள்ள வெச்ச?"

நாணயமான பிள்ளை என்று
பாடசாலை அதிபர் எழுதிக் கொடுத்த கடிதம்
அவருடைய லாச்சியில்தான் கிடக்கிறது.
கையும் களவுமாக என்பார்களே,
கை அந்தத் திரையில் நன்றாகவே இருந்தது,
களவைத்தான் அவரால் பிடிக்க முடியவில்லை.
நிறுத்தினார். மெதுவாக்கினார். பின்னுக்கு இழுத்தார்.

நான் பயப்பட வேண்டிய நேரம் அது.
வாஷிங் மெஷினுக்கு இன்னும் ஏழு தவணை.
ஆனால் கண் அங்கே போகவில்லை:
வலப் பெருவிரல் கம்பிபோல விறைத்து நின்றது.
எங்கள் வீட்டுக் கண்ணாடி
ஒருநாளும் காட்டித் தராத பிழை.
"சேர், இன்னொருக்காப் போடுங்க" என்றேன்.

கல்லாவை எண்ணச் சொன்னார்.
பில்லோடு ஒத்துப் பார்த்தார்கள், இரண்டு தரம்.
இரண்டு ரூபாய் கூட.
குறைந்திருந்தால் சம்பளத்தில் வெட்டலாம்,
கூடினதை எந்தக் கொப்பியில் எழுதுவது?
"அது என்ட, சேர். கை தவறி விழுந்திருக்கும்."
எனக்கே நம்பிக்கையில்லாத குரலில் சொன்னேன்.

அவர் அந்தக் குத்தியை மேசையில் தள்ளினார்.
"அப்ப செஞ்சு காட்டு பாப்பம்."

ஒரு சாண் தூரம்.
மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி போட்டுக்கொண்டார்.
நான் பெருவிரலைத் தளர விட்டேன்.
இடக்கையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.
மூடியபடியே நீட்டினேன்.

அவர் தன் கையை விரித்து
அதற்குக் கீழே கொண்டுவந்தார்,
விழப்போகிற ஒன்றுக்காகக்
கொஞ்சம் தாழ்த்தி.